ஓடுபாதையில் நெல்

மழை விட்ட மறுநாள் முனாப்பும் மனைவி ஜெஸீமாவும் அவித்த நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைச் சீனன்குடாவுக்கு வந்தார்கள். வீட்டு முற்றமெல்லாம் சேறு. வெள்ளைக்காரர் உலக யுத்தத்துக்குப் போட்ட விமான ஓடுபாதையில், காடு பிடித்துக் கிடந்த ஒரு துண்டுதான் நெல் காயப்போட வாய்ப்பான இடம். அவர்கள் விட்டுப் போய் இரண்டு வருடம். கேட்க ஆளில்லை.

முனாப்புக்கு அந்த இடம் பிடிக்காது. ஆனால் பயத்தை அவித்துத் தின்ன ஏலுமா?

பதினேழு வருடங்களுக்கு முன் அங்கே கூலிக்கு லாம்பு வைத்தவன் அவன். பாதையின் இரு கரையிலும் லாம்புகள் வரிசையாய் எரிந்தால்தான் இருட்டில் விமானம் இறங்கும். இருட்டிவரும் ஒரு மைம்மல் பொழுதில் அபாயச் சங்கு ஊதியது. ஒரு விமானம் இன்னும் திரும்பவில்லை என்று தெரிந்தும், வெளிச்சத்துக்குக் குண்டு விழுமென்று பயந்து, எல்லா லாம்பையும் நூர்த்துவிட்டு ஓடினான். அவனவனுக்கு அவனவன் உயிர் வெல்லம். மேலே அந்த விமானம் சுற்றிச் சுற்றி வந்த சத்தம் கடல் பக்கம் போய் ஒரேயடியாய் நின்றது. மனைவிக்குக்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

அன்று வெயில் போதவில்லை. குவித்தால் நெல் புழுங்கி மணக்கும் என்று பரப்பியபடியே விட்டார்கள். பொழுது சாய்ந்து முனாப் மஃரிப் தொழுது எழுந்தபோது, பன்றி வராமலிருக்க ஜெஸீமா நெல்லின் இரு கரையிலும் குப்பி லாம்புகளைக் கொளுத்தி வைத்திருந்தாள்.

நேராக. இரண்டு வரிசை.

"ஆர் புள்ள உன்ன இப்படி வைக்கச் சொன்ன?"

"ஏன், பண்டி தின்னட்டுமா?" சிரித்தபடி நெல்லின் நடுவில் நின்று கிளறினாள்.

அப்போது கேட்டது.

கடல் பக்கம், வண்டு முரலுவது போல. வானத்தில் ஒன்றுமில்லை. பெற்றோல் மணம் மட்டும் வந்தது.

முனாப் முதல் லாம்பை ஊதக் குனிந்தான். சத்தம் தலைக்கு மேல் ஒரு தரம் சுற்றியது.

இன்னொரு தரம் அதைச் செய்ய அவனால் முடியவில்லை.

ஓடிப்போய் ஜெஸீமாவை இழுத்துக்கொண்டு பற்றைச் செடிகளுக்குள் விழுந்தான். பெருங்காற்று ஒன்று பாதையை உரசிக்கொண்டு போனது. லாம்பு ஒன்றுகூட நூரவில்லை.

"என்னங்க அது?"

"இறங்கிட்டுது," என்று முனாப் விம்மி அழுதான். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். பிறகு வண்டியடியில் பாய் விரித்து, பல வருடங்களுக்குப் பின் நிம்மதியாய் உறங்கினான்.

விடிய ஜெஸீமாதான் முதலில் எழும்பினாள். முகம் கழுவிவிட்டு வந்து நெல்லைப் பார்த்தாள். இரண்டு சக்கரத் தடங்கள் நெல்லின் நடுவரை வந்து முடிந்திருந்தன. அங்கிருந்து ஈரச் சப்பாத்துத் தடங்கள் தொடங்கி, நேரே வண்டியடிக்கு வந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.

"இஞ்ச பாருங்க, எழும்புங்க!"

முனாப் கண் திறக்காமல் முணுமுணுத்தான். "சத்தம் போடாத புள்ள. இவர் இப்பதான் கண்ணயர்ந்தவர்."

அவனுக்குப் பக்கத்தில், அவள் படுத்து எழும்பிய இடத்தில், பாய் மட்டும் ஆள் படுத்திருப்பதுபோல் நனைந்து அமுங்கிக் கிடந்தது.