ஒரே இழுப்பில் ஆறு தந்தி

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பழைய ஆஸ்பத்திரி. ஏழு மாடிக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட். ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு அகலமான பெட்டி, மூடும்போது பெருமூச்சு விடும் கதவு. மொட்டை மாடியில் அதன் மெஷின் ரூம். அந்த லிஃப்டைப் பழுது பார்ப்பது எனக்கும் என் அண்ணனுக்கும் வேலை.

அன்று மதியம் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது வாசல் காவலாளி கேட்டார்.

"வேலையா, ஆளைப் பார்க்கவா?"

"ரெண்டும்தான்," என்றேன்.

அண்ணன் ஐந்தாம் மாடி வார்டில் படுத்திருந்தான். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை செய்யும்போது கிரீஸில் கால் வழுக்கி, லிஃப்ட் ஏறி இறங்கும் குழியான ஷாஃப்டுக்குள் விழுந்தவன். எலும்புகள் கூடிவிட்டன. கண் மட்டும் திறக்கவில்லை. அவனுக்கான மூச்சை ஒரு மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் விழுந்த அதே ஷாஃப்ட். லிஃப்ட் கடக்கும்போதெல்லாம் சுவர் லேசாக அதிரும். மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரும் கூடவே அதிரும்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கால்விரல்களை நீவிக்கொண்டிருந்தார்.

"பெரிய டாக்டர் கூப்பிட்டார் தம்பி. மெஷினை எடுக்கிறதப் பத்தி யோசிச்சு வைங்கன்னு சொல்றார். யோசிச்சு வைக்க இது என்ன, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற விஷயமா?"

மருந்து மாற்ற வந்த பெரிய சிஸ்டர்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பழகின சத்தம் ஏதாவது கேட்டா சில பேர் அசைவாங்க. அவருக்குப் பிடிச்ச பாட்டு இருந்தா போட்டுப் பாருங்களேன்."

அண்ணனுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. எங்கள் பள்ளி நாட்களில் கேசட் தேயும்வரை கேட்ட பழைய ஆங்கில ராக் பாட்டு. தூறல்போல ஒவ்வொரு தந்தியாகத் தொடங்கி, நடுவில் அடைமழையாகக் கொட்டும். அதை கிட்டாரில் வாசிக்க அவன் பல வருடங்களாகக் கற்றுக்கொண்டிருந்தான். கற்று முடித்ததாக யாரும் சொல்லவில்லை. "ஒண்ணு அது வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அண்ணி ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டதால் கிட்டார் மெஷின் ரூமுக்குக் குடிபோனது.

போனில் அந்தப் பாட்டைப் போட்டு அவன் காதோரம் வைத்துப் பார்த்தோம். அசையவில்லை.

"அவர் கேட்டது எங்க, வாசிச்சதுதான் அதிகம்," என்றார் அண்ணி.

அப்படித்தான் நான் கிட்டாரைக் கையில் எடுத்தேன்.

மெஷின் ரூமில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழகினேன். சூடான தகரம்போலக் கொதிக்கும் அறை. கிரீஸ் வாசனையும் சூடேறிய ஒயர் வாசனையும். போனில் ஒரு வாத்தியார் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். போனை வைத்தே ஆறு தந்திக்கும் சுருதி சேர்த்தேன். வேலை பார்த்துக் காய்த்த விரல்கள் என்பதால் வலிக்காது என்று நினைத்தேன். வலித்தது. தந்தி வேறு இடத்தில் அறுத்தது. ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் லிஃப்ட், நடுவில் இது. சில நாள் கிட்டாரை அணைத்தபடியே தூங்கிப்போனேன்.

பாட்டின் முதல் பாதி ஓரளவு வந்ததும் வார்டுக்குக் கொண்டுபோய் மெதுவாக வாசித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தலையாட்டினார். அண்ணன் அப்படியே கிடந்தான்.

அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க வாசிக்கிறது நல்லா இருக்கு. அவர் வாசிச்சா நல்லாவே இருக்காது."

எனக்குச் சட்டென்று உறைத்தது.

லிஃப்ட் பெட்டியைப் பல இரும்புக் கயிறுகள் சேர்ந்து தாங்கும். ஒவ்வொன்றையும் கையால் தள்ளிப் பார்ப்போம். எல்லாம் ஒரே மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் மற்றவற்றின்மேல் ஏறும். அண்ணன் கிட்டாருக்கும் அதையே செய்வான். கட்டைவிரலால் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தி, எல்லாம் ஒரே இழுப்பில் நிற்கும்வரை திருகுவான். "ஒருத்தன் மட்டும் சொகுசாத் தொங்கக்கூடாதுடா" என்பான். சுருதி எக்கேடு கெட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. லிஃப்ட்காரனைத் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு அது.

மறுநாள் மெஷின் ரூமில் உட்கார்ந்து, நல்ல சுருதியைக் கலைத்தேன். அண்ணன் கணக்கில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எல்லாத் தந்தியையும் ஒரே இழுப்புக்குக் கொண்டுவந்தேன். மோட்டார் நின்றிருந்தது. பாட்டைத் தொடங்கினேன். காது கூசியது.

கயிறுகள் இறங்கும் ஓட்டைகளின் வழியாக, ஷாஃப்டின் உள்ளேயிருந்து இன்னொரு கிட்டார் கேட்டது.

எதிரொலி என்று நினைத்தேன்.

எதிரொலி பின்னால் வரும். இது முன்னால் வந்தது.

நான் அடுத்து எந்தத் தந்தியைத் தொடப்போகிறேனோ, அது கீழே ஒரு கணம் முந்தி ஒலித்தது. கையை எடுத்தேன். அது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று பார்ப்பதுபோல நின்றது.

"அண்ணா?" என்றேன்.

கீழேயிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் பட்டது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. பிறகு பாட்டு முதலிலிருந்து தொடங்கியது, எனக்காக, மெதுவாக.

பயந்தேனா என்று கேட்டால், பயப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. அண்ணன்தான் கூட இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் போனேன். அது முன்னால் போனது, நான் பின்னால் போனேன். சுருதி கெட்ட அந்தக் கிட்டாரில் பாட்டு ஒரு பிசிறில்லாமல் வரத் தொடங்கியது. வரவே கூடாதது அது. களைத்துப்போனவன் கேள்வி கேட்பதில்லை.

மெஷினை எடுப்பது பற்றி முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் டாக்டர்கள் வருவதற்குள் வார்டில் உட்கார்ந்து வாசித்தேன். முழுப் பாட்டையும்.

நடுவில், தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து இன்னொரு கிட்டார் சேர்ந்துகொண்டது.

அண்ணி என் தோளைப் பிடித்தார். "யாரு தம்பி கூட வாசிக்கிறது?"

லிஃப்ட் ஓடவில்லை. டம்ளரில் தண்ணீர் மட்டும் நடுங்கியது.

சத்தம் சுவரைவிட்டு வெளியே வந்தது. தலையணைக்கு வந்தது. போர்வைக்குள் இறங்கியது.

பார்த்தேன். அண்ணனின் இடக்கை விரல்கள் போர்வையின்மேல் ஒவ்வொன்றாக அழுந்தின. நான் பிடித்திருந்த அதே பிடிப்பு.

கடைசிக் கம்பீரமான மீட்டலோடு அவன் கண்ணைத் திறந்தான். அண்ணி போட்ட கூச்சலில் டாக்டர்கள் ஓடிவந்தார்கள். வார்டே கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் தேறி வீட்டுக்கு வந்தான். நடந்தான், சாப்பிட்டான், பேசினான். ஒருநாள் கிட்டாரைக் கேட்டான். அண்ணியே அதைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இனிமே இதுவும் இருக்கட்டும், நானும் இருக்கேன்" என்றார்.

அவன் ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"யார் இப்படிக் கெடுத்து வச்சது?"

போனைத் தேடவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஆறு திருகையும் திருகினான். நொடியில் சுருதி சேர்ந்தது.

"பாருங்களேன், விழுந்ததுல காது தெளிஞ்சிருச்சு!" அண்ணி சிரித்தார்.

அவன் முழுப் பாட்டையும் வாசித்தான். விரலைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தான்.

அண்ணியின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. இது அண்ணன் வாசிப்பே இல்லை என்று அவரிடம் சொல்லாமல் வேலைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். மெஷின் ரூமுக்கு ஏறினேன். பெட்டிக்குள்ளிருந்து பேசும் இன்டர்காமில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க, திறந்திடலாம். உள்ளே எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்டா."

அண்ணன் குரல்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன். கால் கடுக்குது. எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போறாங்க. திறடா."

கைச்சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை ஐந்தாம் மாடிக்கு இறக்கினேன். படியில் ஓடி இறங்கி, கதவில் சாவியை நுழைக்கும்போது போன் அடித்தது. அண்ணி.

"தம்பி, உங்கண்ணன் ஒண்ணு சொல்லச் சொன்னார். அந்த லிஃப்டை இன்னைக்குத் திறக்க வேணாமாம். ஏன்னு கேட்டா சிரிக்கிறார். வாசிக்கிறத நிறுத்திட்டு நீங்களே சொல்லுங்கன்னா அதுவும் மாட்டேங்கிறார்."

அவர் குரலுக்குப் பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிசிறே இல்லை.

"தம்பி? கேக்குதா?"

"கேக்குது அண்ணி."

கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளங்கையால் மெதுவாகத் தட்டும் சத்தம்.

திறந்தால் அண்ணியின் வீட்டில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. திறக்காமல் எப்படிப் போவது? அவன் என் அண்ணன்.

சாவியைத் திருகினேன்.

பெட்டி காலியாக இருந்தது. வாசலைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. ஆள் ஏறினால் கயிறு அந்த அளவுக்கு இழுபடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல எழும்பி வாசலோடு சமமானது.

யாரோ இறங்கிவிட்டிருந்தார்கள்.

போனில் பாட்டு நிற்கவில்லை. அண்ணி தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் என் அண்ணனுக்கான இடம் நிரம்பிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். எந்தக் கட்டடமானாலும் நான் லிஃப்டுக்குள் ஏறினால் தரை லேசாகத் தாழ்கிறது. அது என் எடைக்கு.

பொத்தானை உடனே அழுத்துவதில்லை. கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

தரை இன்னொரு முறை தாழும்.