செங்கல் சுமந்த நிலா

டியூஷன் பிள்ளைகள் போன பிறகும், ஆவடி குவார்ட்டர்ஸில் சாராள் டீச்சரின் வீட்டைச் சுற்றி யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். கரண்ட் போன அந்திப் பொழுதில், சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் வாசத்துக்கு நடுவே, சமையலறைச் சுவர், குளியலறை ஜன்னல், வாசற்படி என்று அந்தக் காலடிச் சத்தம் நிதானமாகச் சுற்றி வந்தது.

டியூஷனுக்கு வரும் தாட்சாயிணியாகத்தான் இருக்கும் என்று சாராள் நினைத்தாள். “நிலா ரெண்டு மடங்கு கனமானா என்ன ஆகும்?” என்று சற்று முன் பாடத்தில் கேட்டபோது, “போற வழி மாறாது டீச்சர்” என்றாள் அந்தப் பெண். “பூமியில விழுந்துடும், மக்கு” என்று சாராள் சிரிக்க, பிள்ளைகளும் சிரித்தார்கள். அதோடு விட்டாளா? “நீதான் நிலா. வீட்டைச் சுத்து. வழி மாறுதா பார்ப்போம்” என்று தலையில் ஒரு செங்கல்லை ஏற்றி அனுப்பினாள்.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினாள். பெண் சொன்னதே சரி. நிலா எத்தனையோ மடங்கு கனத்தால்தான், பூமியும் நடுவில் நிற்க முடியாமல் கண்ணுக்குத் தெரியும்படி கூடவே சுற்றுமாம். முகம் எரிந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

கதவு தட்டப்பட்டது. தாட்சாயிணியின் அம்மா கண்ணம்மா.

“இன்னா டீச்சர் ஆச்சு? பொண்ணு அப்பவே ஊட்டுக்கு வந்து குப்புறப் படுத்துகினு அழுதுகினு கீது.”

அப்படியானால் பின்பக்கம் நடப்பது யார்?

“ஒண்ணுமில்ல கண்ணம்மா. தப்பா பதில் சொன்னா. கண்டிச்சேன்.”

“நாலு போடு போட்டே சொல்லிக் குடுங்க டீச்சர்.” கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு சாராளைக் கூனிக்குறுக வைத்தது.

காலடி கனத்தது. அதே வழி. அதே வேகம். சுற்றுக்கு ஒரு செங்கல் கூடியதுபோல. டம்ளர்கள் அதிர்ந்தன. சுண்ணாம்பு உதிர்ந்தது.

நீ சொன்னதுதான் சரி என்று கத்தினால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கரண்ட் போனதில் எதிர்வீட்டு டிவி அணைந்து, குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் வாசலில் உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிடும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறைச் சுவர். குளியலறை ஜன்னல். வாசற்படி.

விளக்கு மேசைமேல் நகர்ந்தது. நாற்காலி நகர்ந்தது. சாராளின் கால் தானாக ஓர் எட்டு வைத்தது. இன்னொன்று.

சுவருக்கு அந்தப் பக்கம் அது. இந்தப் பக்கம் அவள். ஒரே வேகம். தலைமேல் இல்லாத எதையோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாராள் சுற்றிக்கொண்டிருந்தாள்.