நூற்றுப்பதினேழாம் வீட்டில் மூன்று பேர்

அந்த வீட்டுக்கு நான் முதல் தடவை போனது நல்ல வெயில் நேரத்தில். கதவில் துருப்பிடித்த பூட்டு. தட்டினேன், கூப்பிட்டேன். பதிலில்லை. சாக்பீசால் கதவில் 117 என்று எழுதிவிட்டு நடையைக் கட்டினேன். ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவது என் பழக்கம்.

இரண்டு வருஷம் வேலை தேடிச் செருப்புத் தேய்ந்த எனக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாற்பது நாள் வேலை கிடைத்ததே பெரிய விஷயம். வீட்டில் நானும் என் ஒன்பது வயது மகளும்தான். நல்ல பேர் எடுத்தால் ஆபீசிலேயே வைத்துக்கொள்வதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். யார் போவது? கால்வலியில் உயிர் போனது.

அன்று சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து 117க்கான படிவத்தில் நானே ஒரு குடும்பத்தை உண்டாக்கினேன். குடும்பத் தலைவி, வயது நாற்பது. அவளுடைய மாமியார், எழுபது. இன்னொரு ஆள் இருந்தால் நம்பும்படி இருக்குமே என்று, எதிரே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தே போட்டேன்: மகள், ஒன்பது, நான்காம் வகுப்பு. மொத்தம் மூன்று பேர். அப்பாடா என்றிருந்தது.

எட்டாம் நாள் மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டினார்.

"ஏம்மா, 117ல கையெழுத்தே வாங்கலையே? இன்னைக்கே போய் வாங்கிட்டு வந்துடுங்க."

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளி விடுமுறை, மகள் வீட்டில் தனியாக இருந்தாள். போகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். யாராவது இருந்தால் காலில் விழுந்தாவது உண்மையான விவரத்தை வாங்கிவிடலாம்.

கதவு திறந்திருந்தது.

உள்ளே காயாத துணியின் நாற்றம். வெயில் வாசலோடு நின்றுவிட்டது. தரையில் மூன்று தட்டுகள். சுவரோரம் ஒரு கிழவி. அவளுக்கு முன்னால் இன்னொருத்தி நின்றிருந்தாள்.

"வாங்க மேடம். எங்களை எழுதி எட்டு நாளாச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவள் முகத்தை இப்போது நினைத்துப் பார்த்தாலும் ஒன்றும் வரவில்லை. நான் வயதை மட்டும்தானே எழுதியிருந்தேன்.

"மூணு பேர்னு எழுதியிருக்கீங்க," என்றாள். "ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"தப்பு நடந்துபோச்சும்மா. இப்பவே அடிச்சுடறேன்."

மூன்றாவது வரியின் மேல் பேனாவை இழுத்தேன். மை இறங்கவில்லை. அழுத்தி இழுத்தேன்.

காகிதத்தில் கீறல்கூட விழவில்லை.

"அடிக்காதே," என்றாள் கிழவி. "தட்டு வச்சாச்சு."

மற்றவள் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு மை தாராளமாக இறங்கியது.

"நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. நாங்களே கூட்டிக்கிறோம்."

படிவத்தையும் பையையும் போட்டது போட்டபடி ஓடினேன். வேலையாவது மண்ணாவது! என் பிள்ளை, என் பிள்ளை என்று வழியெல்லாம் அரற்றினேன்.

மகள் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். தலைமுடியில் முகத்தைப் புதைத்தேன்.

காயாத துணியின் நாற்றம்.

திரும்பிப் பார்த்தேன். கதவின் உள்பக்கத்தில் சாக்பீசால் 117. ஏழின் நடுவில் சின்னக் கோடு.

என் கையை அவள் மெதுவாக விலக்கினாள். புத்தகங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டாள். யாரோ தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதி முடிச்சிட்டீங்களா மேடம்? நேரமாச்சு, எங்கம்மா தேடுவாங்க."