ஒரு டொபிக்கு ஒரு செபம்

கடவுளிடம் ஒரு வேண்டுதலைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆறாம் தர வகுப்பில் விலை: ஒரு புளி டொபி.

விலை வைத்தவள் ஷெரின். அவளுடைய அப்பா திருகோணமலைச் சந்தையில் கருவாடு விற்பவர். மகள் அவரையே மிஞ்சிவிட்டாள்.

"ஒரு அருள்நிறை மரியே, ஒரு டொபி. மெழுகுதிரியும் கொளுத்தவேணும் எண்டால் ரெண்டு. செபமாலை முழுக்க எண்டால் ஒரு பைக்கற்."

கணக்குச் சோதனைக்கு முதல் நாள் நிருபன் இரண்டு டொபியை நீட்டினான். "மெழுகுதிரி கொஞ்சம் நீளமா இருக்கட்டும்."

"நீளத்துக்கு இன்னொண்டு வை."

ஷெரின் ஏமாற்றுக்காரி அல்ல. பள்ளிக்கூடம் விட்டதும் துறைமுகப் பக்கத்து மாதா கோவிலுக்குப் போய், வாங்கிய டொபிக்கெல்லாம் செபம் சொல்லிவிடுவாள். என்ன, கொஞ்சம் வேகம். தொடங்குமுன்பே ஆமென் வந்துவிடும். கொஞ்ச நாளாகப் பல்வலியும் இருந்தது. காரணம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள், இடைவேளையில் அப்ரா வந்தாள். தன் புதுப் பென்சில் பெட்டியை அப்படியே ஷெரினின் மடியில் வைத்தாள்.

"இதுக்கு எவ்வளவு செபம் வரும்?"

"ஆருக்கு?"

"உம்மாக்கு. இண்டைக்கு ஒப்பரேசன். வாப்பா ஆஸ்பத்திரியில நிக்கிறார். என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லிட்டார். நானும் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். உன்ர பக்கத்தாலயும் போகட்டும்."

ஷெரின் வாயைத் திறந்தாள். விலை வரவில்லை. ஓர் உம்மாவுக்கு எத்தனை டொபி?

பெட்டியைத் திருப்பி அப்ராவின் கையில் வைத்தாள். "சாப்பிட்டனியா?"

"இல்ல. இறங்குதில்ல." அப்ரா அழத் தொடங்கினாள்.

"சரி, பக்கத்தில இரு. உம்மாட பேர் என்ன?"

"உம்மு குல்சும்."

வழக்கமான வேகத்தில் ஓடத் தொடங்கிய நாக்கை ஷெரின் பிடித்து நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, சொந்தச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"ஆண்டவரே, அப்ராட உம்மா உம்மு குல்சும் ஆஸ்பத்திரியில இருக்கிறா. வீடு பாலையூற்றில. டொக்டர்மார்ர கை நடுங்காமல் பாத்துக்கொள்ளும். பெருநாளுக்கு அவ தந்த வட்டிலப்பம் நல்ல ருசி. அடுத்த பெருநாளுக்கும் அவவே தரவேணும்."

அழுதுகொண்டிருந்த அப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குமேல் ஷெரினுக்குச் சொல் கிடைக்கவில்லை. அப்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். இதுவும் செபம்தானா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மணி அடிக்கும்வரை விடவில்லை. தான் கொண்டுவந்த பணிஸில் பாதியை அப்ரா மெல்ல மெல்லத் தின்றாள்.

கடைசிப் பாடவேளையில் ரீச்சர் வாசலில் வந்து நின்றார். "அப்ரா, வாப்பா போன் எடுத்தவர். உம்மா கண் முழிச்சிட்டாவாம். உன்னைக் கேட்டவவாம்."

மறுநாள் ஷெரின் டொபிப் பையோடு வகுப்பைச் சுற்றி வந்தாள்.

"கடை பூட்டியாச்சு. செபம் இனிச் சும்மா."

"எனக்கு மூண்டு வரவேணும்," என்றான் நிருபன். "மெழுகுதிரி நீளம்தான். புள்ளி கட்டை."

அப்ரா அருகில் வந்தாள். "உன்ர பல்லுக்கும் நான் துஆ கேட்டனான்."

"எவ்வளவு?"

"போடி."

அன்றைய கணக்கு இதுதான். வாங்கிய டொபி பன்னிரண்டு. திருப்பிக் கொடுத்தது எட்டு. தின்று தீர்த்த நாலையும் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிக் கொடுத்துவிடுவாள். அப்ராவின் துஆவுக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் பாக்கி. அதைத் தீர்த்துவிட ஷெரினுக்கு அவசரமே இல்லை.