இடப்பக்கம் வால் வைத்த புள்ளிகள்

லேசர் அறைக்குள் சால்டரிங் புகை நாறியது.

பிரகாசம் கதவருகிலேயே நின்றுவிட்டார். ஜூஜுவாடி யூனிட்டில் சால்டரிங் மேசைகளைத் தூக்கி ஏழு மாதம் ஆகிறது. ஈயமே வேண்டாம் என்றுதான் இந்த வெல்டிங் மெஷினை வாங்கினார்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சி உலோகத்தோடு உலோகத்தை உருக்கி ஒட்டிவிடும். ஜன்னலில்லாத அறையில் ஏசியின் ஒரே சீரான இரைச்சலுக்கும் தரை துடைத்த பினாயிலுக்கும் அடியிலிருந்து, எரிந்த குங்கிலியமும் உருகிய ஈயமும் கலந்த அந்தப் பழைய வாசனை கிளம்பி அவர் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

மூன்று மணிக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். சம்பங்கி செத்ததைப் பற்றி, சூப்பர்வைசரான பிரகாசத்தைத்தான் அவர் கேட்கப் போகிறார். பதினோரு வருஷம் ஈயம் உருக்கியவள் சம்பங்கி. கை கழுவப் போனால் லைன் நின்றுவிடும் என்று, டீயையும் பன்னையும் மேசைக்கே வரவழைத்து, ஈயம் படிந்த கையோடு தின்ன வைத்தவர் இந்தப் புண்ணியவான். அவள் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதாக வந்த ரிப்போர்ட்டை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, எல்லாம் நார்மல் என்று சொல்லி, இன்னும் எட்டு மாதம் அதே மேசையில் உட்கார வைத்தார். ஈறில் கருநீலக் கோடு விழுந்தது. மணிக்கட்டு தொங்கிப் போனது. கடைசியில் வலிப்பு வந்து போய்ச் சேர்ந்தாள்.

காலையில் கேட்டருகே அவள் மகள் ரூபா மறித்தாள்.

"ரிப்போர்ட்டு உங்க கைக்குத்தானுங்க சார் வந்துச்சு. வாயத் தொறந்து உண்மையச் சொல்லுங்க, அது போதும்."

காதில் விழாத மாதிரி பைக்கை உள்ளே ஓட்டிவிட்டார். ரிப்போர்ட்டை நேற்றே கிழித்தாயிற்று, அப்புறம் என்ன பயம்?

இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வைத்திருந்த சாம்பிள் போர்டை எடுத்தார். லேசர் போட்ட இணைப்புகளின் மேல் பளபளவென்று ஈயப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஒரு சின்ன வால். சம்பங்கி இடதுகைக்காரி, சால்டரிங் கம்பியை இடப்பக்கமாகவே இழுத்து எடுப்பாள். அந்த வாலுக்காக அவர் திட்டாத நாளில்லை. விரலால் தொட்டார். இன்னும் சூடாக இருந்தது.

கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. மெஷின் சாவி சட்டைப்பையில்தான் இருந்தது, ஆனாலும் மெஷின் உறுமியது. ஏசி நின்றது. பின்னால் யாரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம்.

திரும்பவில்லை. புகை கண்ணைக் கரித்தது.

"ரிப்போர்ட்டு என்னங்க சார் சொல்லுது?"

ரிப்போர்ட் வந்த அன்று சம்பங்கி கேட்ட அதே குரல். அதே மரியாதை. சாட்சிக்கு ஆளில்லாத இந்த அறையிலாவது அந்த மனுஷன் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"எல்லாம் நார்மல்," என்றார்.

உதட்டோரத்தில் சுருக்கென்று ஒரு சூடு. பிறகு பக்கத்தில். அதற்கும் பக்கத்தில். அவசரமில்லை. பழகிய கை.

மூன்று மணிக்குக் கதவு தானாகத் திறந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார். இப்போது சொல்லிவிடத்தான் நினைத்தார் பிரகாசம், சத்தியமாக. மூக்கால் ஒரு முனகல்தான் வந்தது. இன்ஸ்பெக்டரின் பேனா கீழே விழுந்தது. இன்ஸ்பெக்டரோடு உள்ளே வந்து அவர் பின்னால் நின்ற ரூபா அலறவில்லை. கிட்டே வந்து, பிரகாசத்தின் இரண்டு உதடுகளையும் சேர்த்து ஒட்டியிருந்த ஈயப் புள்ளிகளை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை நிதானமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் வால் இருந்தது.