மரத்துப்போன மூலை

மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்து, ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கி, பக்கத்து வீட்டு டிவியும் வாயை மூடிக்கொண்ட பிறகுதான் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. நெஞ்சு ஒருமுறை துடித்ததும், உள்ளே இடப்பக்க மூலையிலிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு டொக்.

அவள் பம்ப் மெக்கானிக். தெருவுக்கே 'போல்ட் அக்கா'. போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவளை ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். "ரத்தக்குழாய் கொஞ்ச நேரந்தான் அடைச்சிருந்தது, திறந்துட்டோம்," என்றார் டாக்டர். "அந்தப் பக்கத் தசை சாகலை. மரத்துப்போய் நிக்குது. சில நாள்ல தானா முழிச்சுக்கும்."

"முழிக்கலைன்னா நான் எழுப்புறேன்," என்று அவரையே சிரிக்க வைத்தவள்.

ஓடும் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது இருப்பதிலேயே நீளமானதை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள். கிரீஸ் வாடை. வியர்வை. துடிப்பு, டொக். துடிப்பு, டொக். அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கைப்பிடியால் நெஞ்செலும்பில் மூன்று முறை தட்டினாள்.

உள்ளிருந்தும் மூன்று.

பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனால் வாய் அடங்கவில்லை. "யாருடா அது? இது என் மெஷின். மரியாதையா காலி பண்ணு!"

நின்றது. டொக் மட்டுமல்ல. எல்லாம். மூச்சும்.

பிறகு துடிப்பு தொடங்கியது. சீராக. அந்த மூலையிலிருந்து. அவளைக் கேட்காமலே விரல்கள் ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தன.

கணவர் ஓடி வந்தார். "என்னம்மா, யார்கிட்ட கத்துற?" அவள் கற்றுக்கொடுத்தபடியே ஸ்க்ரூடிரைவரை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா, புது மோட்டாரே தோத்துது போ! முழிச்சிருச்சு போலிருக்கே!"

'இது நான் இல்லைங்க' என்று கத்தினாள். உதடு அசையவில்லை. அப்புறம் அசைந்தது.

"ஆமா," என்றது அவள் குரல். "முழிச்சிட்டேன்."

அவளைச் சுற்றி இருட்டு. ஈரம். நாலாபுறமும் மரத்துப்போன சதைச் சுவர். விடுவாளா போல்ட் அக்கா? தட்டினாள். டொக். டொக். டொக்.

கணவரின் சிரிப்பு நின்றது. இன்னும் அழுத்திக் கேட்க அவர் குனிந்தார். அவள் கை மெல்ல எழுந்து, ஸ்க்ரூடிரைவரை அவர் காதிலிருந்து விலக்கியது.

உள்ளே அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.