தரைக்குக் கீழே வரும் வரிகள்

பலூன் வெடித்து விழுந்த பிறகும் அதன் கருவி இறங்கிக்கொண்டே இருந்தது.

விஜேந்திரன் முதலில் கவனிக்கவில்லை. மத்தியானம் பதுளையில் அவன் படிக்கும் கம்பஸ் மைதானத்திலிருந்து விட்ட வானிலைப் பலூன் அது. மேலே போய் வெடித்துவிடும். அதில் தொங்கும் சின்ன வெள்ளைப் பெட்டி ஏறும்போதும் விழும்போதும் உயரம், வெப்பம், ஈரப்பதன், அழுத்தம் என்று வினாடிக்கு ஒரு வரி அனுப்பும். மலையில் சிக்னல் நன்றாகப் பிடிக்கும் என்று தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் தன் வீட்டு வாசலிலேயே அன்டெனாவைக் கட்டியிருந்தான். வரிகளைப் படித்து வரைபடம் போடும் மென்பொருள் இலவசம். உலகத்தின் பல மூலைகளில் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதியது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் யாரும் திறந்து பார்க்கலாம். குறை சொன்னால், நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று மிகுந்த மரியாதையோடு பதில் வரும்.

திரையின் அடியில் இரண்டு எண்கள். வந்த வரிகள் 7,214. வரைந்தவை 6,614.

அறுநூறு வரிகளைக் காணோம். பத்து நிமிடம்.

வேறு நாளென்றால் விட்டிருப்பான். இன்று நாலு மணிக்கு வீடு மாற லொறி வரும் வரை வேறு வேலை இல்லை. எதிரே அப்பா முருகையா, கட்டாத மூட்டைக்குப் பக்கத்தில், லொறி தனக்கு வரவில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலையில் மலை சரிந்து, கீழே இருந்த பணிய லயத்தை மூடியது. அந்தப் பக்கத்து ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன அம்மா கருப்பம்மாவும் அதோடு போனாள். ஒன்பது நாள் தோண்டினார்கள். பிறகு, உடல் கிடைக்காமலே, படத்துக்கு மாலை போட்டார்கள். இப்போது மேல் லயத்துக்குப் பின்னாலும் கை நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு. மற்றக் குடும்பங்கள் புதுவீடுகளுக்குப் போய்விட்டன. இன்று இரவு பெருமழை என்று பலூனே சொல்லிவிட்டது. முருகையா சொல்வது மட்டும் மாறவில்லை.

"அவ அந்த மண்ணு உள்ளுக்கு இல்லன்னு யாராச்சும் சொல்லட்டும். வாறேன்."

விஜேந்திரன் மென்பொருளின் உள்ளே தேடினான். காணாமல் போன வரிகளை ஒரு சின்ன விதி மறைத்திருந்தது. அதற்கு மேல் யாரோ ஒன்பது வருடங்களுக்கு முன் எழுதிவைத்த குறிப்பு: தரைக்குக் கீழே வருவதைக் காட்ட வேண்டாம். காரணம் எழுதவில்லை. மற்ற விதி ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் காரணம் எழுதும் ஆட்கள்.

விதியை நீக்கினான். கோடு கீழே நீண்டது.

பணிய லயம் மூடிய மண்மேட்டின் உயரம் 1,290 மீற்றர். பெட்டி அதில் விழுந்து, நிற்காமல், மெதுவாக 1,281க்குப் போயிருந்தது. ஒன்பது மீற்றர். ஈரப்பதன் நூறு வீதத்தை ஒட்டி.

கம்பஸில் பலூனைக் கட்டி அனுப்பிய நண்பன் றிகாஸை போனில் அழைத்தான்.

"மச்சான், பெட்டி மண்ணுக்குள்ள இருக்குன்னு காட்டுது."

"பைத்தியமா? மண்ணுக்குள்ள இருந்து சிக்னல் வர ஏலா. சென்சர் நனஞ்சி ஈக்கும்."

"இன்னும் வருதேடா."

"ஓசிச் சாமான்ல இவ்வளவு வாறதே பெரிய விஷயம். எங்க வாப்பாவோட லொறி பொறப்பட்டுட்டு. அப்பாவ ஏத்துற வழியப் பாரு."

மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. கீழே தேயிலையைக் காணோம்; பீலியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நனைந்த துணிக்குள்ளிருந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தது. திரையில் ஈரக்கோடு நேராக இல்லை என்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். பெரிதாக்கினான். ஏறியது, இறங்கியது. நாலு வினாடிக்கு ஒரு தடவை. ஏறும்போது பாதியில் ஒருமுறை சிக்கி, பிறகு மிச்சமும் ஏறியது.

அம்மாவுக்கு இழுப்பு. மூச்சு இரண்டு தவணையாகத்தான் உள்ளே போகும். பதினெட்டு வருடம் அவன் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினான்.

பயம் வரும் என்று காத்திருந்தான். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்தான். வரவில்லை.

"என்னப்பா சொல்லுது அது?" முருகையா கேட்டார்.

மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. டிக் போட்டால் நடுங்கும் கோடுகளை மழுப்பி நேராக்கிவிடும். டிக் போட்டான். திரையை அப்பா பக்கம் திருப்பினான்.

"மண்ணுக்குள்ள வரைக்கும் பாத்துட்டேன்ப்பா. நேர்கோடு. ஒண்ணுமே இல்ல."

முருகையா கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப சரி," என்றார். மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவருடைய தோள்கள் இறங்கின.

விஜேந்திரன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

உயரம் 1,284.

கண்ணைக் கசக்கினான்.

1,290. மேட்டின் மேல்.

1,296. அது பீலிக்கரை. 1,299. படிக்கட்டு. ஈரக்கோடு நேராகவே ஓடியது. டிக் அப்படியே இருந்தது.

மேல் லயம் 1,304.

1,302.

பின்னால் வீட்டின் உள் காம்பராவில் தரை ஈரமாகும் வாசனை. அம்மா நெஞ்சில் தேய்க்கும் தைலம். பச்சை மண்.

1,304.

எண் நின்றது.

அவன் திரும்பவில்லை. எதிரே அப்பாவின் கைகள் முடிச்சில் நின்றுவிட்டன. அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தார். வெகுநேரம். பிறகு, அவசரமே இல்லாமல், மூட்டையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து கோப்பைகளை எடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

கீழ்ரோட்டில் லொறி ஹோர்ன் அடித்தது. மறுபடி அடித்தது.

"ஒனக்குச் சீனி இல்லாமத்தானே?" முருகையா கேட்டார். கேட்டது அவனிடம் இல்லை.

லெப்டொப்பின் கண்ணாடியில், அவன் முகம் தெரிந்த இடத்துக்குப் பக்கத்தில், வட்டமாக ஆவி படிந்தது. பாதி. ஒரு சிக்கல். மீதி.

தெளிந்தது.

படிந்தது.